திண்டிவனம் சாலையில் லாரியின் சத்தத்தைப் படித்தவர்கள்

பழைய லாரிகளைப் பற்றிப் போன வாரம் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்த மாணவர் ஒருவர், "ஐயா, வண்டியைப் பிரிக்காமலே கோளாறு எங்கே என்று அந்தக் கால மெக்கானிக்குகள் எப்படிச் சொன்னார்கள்?" என்று கேட்டார். பதில் கொஞ்சம் நீளம். ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது 1993இல்தான். அதற்கு முன் நாமெல்லாம் தென்னாற்காடு. ஜி.எஸ்.டி. சாலை திண்டிவனத்தில் கிளை பிரியும். ஒன்று புதுச்சேரிக்கு, இன்னொன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு. நேரே போனால் விக்கிரவாண்டி, விழுப்புரம். மல்லாட்டை மூட்டை, நெல், முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு என்று லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். லாரி இருக்கும் இடத்தில் பட்டறையும் இருக்கும்.

அந்த லாரிகள் ஒரே ஜாதி அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஃபோர்டும் செவர்லேயும் ஏலத்தில் வந்தன. பிறகு பெட்ஃபோர்டு, ஃபார்கோ. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. 1954இல் டாடாவும் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸும் ஒப்பந்தம் செய்ய, நட்சத்திரச் சின்னத்தோடு டாடா மெர்சிடிஸ் வந்தது. ஒப்பந்தம் முடிந்த 1969க்குப் பிறகு நட்சத்திரம் போய் "டி" எழுத்து வந்தது. ஒவ்வொன்றின் கியர்பாக்ஸும் வேறு, உறுமலும் வேறு. அத்தனையையும் ஒரே காது படிக்க வேண்டும்.

கியர்பாக்ஸை இறக்குவது லேசான வேலையில்லை. வண்டி நாள்கணக்கில் நிற்கும். நிற்கும் வண்டிக்கும் தவணை கட்ட வேண்டும். அதனால் பிரிப்பதற்கு முன் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் ஓர் ஒழுங்கு இருந்தது.

வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் வைப்பார்கள். கிளட்ச்சை மிதித்தால்தான் சத்தம் வருகிறதென்றால் கிளட்ச்சைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கின் மேல் சந்தேகம். மிதித்தால் நிற்கிறதென்றால் கியர்பாக்ஸுக்குள் சுற்றும் பேரிங். பிறகு ஓட்டிப் பார்ப்பார்கள். எல்லா கியரிலும் அரைக்கும் சத்தம் டாப் கியரில் மட்டும் அடங்கினால், கோளாறு பெரும்பாலும் கியர்பாக்ஸில்தான். காரணம் எளிது. அந்த வண்டிகளில் டாப் கியர் போட்டால் உள்ளே வரும் ஷாஃப்டும் வெளியே போகும் ஷாஃப்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும். பக்கத்து லே ஷாஃப்ட் பாரம் இல்லாமல் சும்மா சுற்றும். எல்லா கியரிலும் ஒரே மாதிரி கத்தி, சாலை வேகத்தோடு ஏறி இறங்கினால் பின்னால் பார்க்க வேண்டும்.

பின்னாலும் ஒரு பாகுபாடு உண்டு. கிரவுன் சக்கரத்தின் பல்லுக்கு இரண்டு முகம். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஒரு முகம் தாங்கும், விடும்போது மறுமுகம். இழுக்கும்போது ஊளை, விட்டதும் அமைதி என்றால் எந்த முகம் தேய்ந்தது என்று தெரிந்துவிடும். திரும்பும்போது மட்டும் சத்தம் என்றால் டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பற்சக்கரங்கள். கிளப்பும்போது "டங்" என்று ஒரு அடி கேட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயிண்ட் கிராஸ்.

பிரான்சில் லேனெக் என்ற மருத்துவர் 1816இல் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தார் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? பட்டறையில் அது நீளத் திருப்புளி. முனை இரும்பில், கைப்பிடி காதில்.

இந்தக் கலையைத் திணறடித்தது டீசல். சென்னை சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் என்ஜின்களைத் தயாரித்தது. பெட்ரோல் விலைக்குப் பயந்தவர்கள், பெட்ரோல் என்ஜினோடு வந்த பழைய வண்டிகளில் அதைப் பூட்டினார்கள். என்ஜின் புதிது, பின்னால் இருந்ததெல்லாம் பழையது. டீசலின் ஒவ்வொரு அடியும் பற்களில் போய் மோதும். மெதுவாக ஓடும்போது நியூட்ரலில் கடகடவென்று சத்தம், கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடும். பழைய பாடப்படி அது பேரிங். பேரிங்கை மாற்றியும் சத்தம் போகவில்லை! பிறகுதான் புதுப் பாடம் வந்தது: ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஏற்று. கடகடப்பு மறைந்தால் அது டீசலின் குலுக்கல். போகாமல் கூடினால்தான் பேரிங். என்னைக் கேட்டால், கியரைப் பற்றி நம் பக்கத்துப் பட்டறைகள் படித்த பெரிய பாடம் இதுதான். புத்தகம் இல்லை, பணம் போய்த்தான் படித்தார்கள்.

எங்கள் பெரியப்பாவும் அப்படிப் பணம் போனவர். எழுபதுகளில் டீசல் மாற்றிய ஒரு நீள பெட்ஃபோர்டு வைத்திருந்தார். வேகம் பிடித்தால் அடியில் ஒரு உறுமல். ஒரு பட்டறையில் கேட்ட மாத்திரத்தில் கியர்பாக்ஸைப் பிரித்துவிட்டார்கள். பெரியம்மாவின் வளையல் அடகுக்குப் போயிற்று. உறுமல் அப்படியே இருந்தது.

திண்டிவனத்தில் ஒரு வயதான மெக்கானிக், வண்டியில் ஏறி விக்கிரவாண்டி வரை வந்தார். டாப் கியரில் உறுமல் உண்டு. ஓட்டத்தில் நியூட்ரலுக்குத் தள்ளச் சொன்னார்; அப்போதும் உண்டு. ஆக்சிலேட்டரை அழுத்தினாலும் விட்டாலும் மாறவில்லை, ஆக கிரவுன் பல் இல்லை. ஓரத்து மண்ணில் இறக்கச் சொன்னார். டயர் சத்தமென்றால் மாறியிருக்கும், மாறவில்லை. திரும்பி வந்து பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, கியரில் ஓடவிட்டு, திருப்புளியை வைத்தார். நடுவில் ஷாஃப்டைத் தாங்கும் சென்டர் பேரிங், கிரீஸ் வற்றிப் போயிருந்தது. கியர்பாக்ஸ் செலவோடு பார்த்தால் அந்தப் பேரிங்கின் விலை ஒன்றுமில்லை. பெரியப்பாவுக்கு அவர் மேல் கோபமே வந்தது, ஏன் முதலில் இவரிடம் வரவில்லை என்று!

1975இல் விழுப்புரத்தைத் தலைமையாக வைத்துத் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் வந்தது. பணிமனை வேலை, மாதச் சம்பளம் என்று இளைஞர்களுக்கு வேறு கனவு பிறந்தது. லாரிகளும் மாறின. சிங்க்ரோமெஷ் இல்லாத பெட்டியில் டபுள் கிளட்ச் போட்டு கியர் மாற்றியவர்கள் இன்று தாத்தாக்கள்.

அவர்கள் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஊளை, அரைப்பு, கடகடப்பு என்று எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உங்கள் வீட்டில் லாரி ஓட்டிய அப்பாவோ மாமாவோ இருந்தால் கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லையே கீழே எழுதுங்கள். எந்த வண்டி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.