படையைக் கலைத்த பிறகு: ரோமத் தளபதிகளும் வீரர்களின் நிலமும்

ரோமக் குடியரசைத் தளபதிகளின் பதவி வெறியே அழித்தது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கம். மாரியஸ், சுல்லா, பொம்பேயஸ், சீசர் என்று பெயர்களை அடுக்கி, ஒருவரை மிஞ்சி ஒருவர் துணிந்தார் என்று முடித்துவிடுகிறோம். ஆனால் கார்த்தேஜின் ஹன்னிபாலை வென்ற சிப்பியோவுக்கும் புகழாசை குறைவில்லை. அவருக்காக எந்தப் படையும் ரோமுக்குள் புகவில்லை. இந்த வேறுபாட்டைத் தளபதிகளின் குணத்தில் தேடுவதைவிட, அவர்கள் பின்னால் நின்ற வீரனின் பிழைப்பில் தேடுவதே பொருத்தம் என்று கருதுகிறேன். சிப்பியோவின் வீரர்களுக்கு, ஸ்பெயினிலும் ஆப்பிரிக்காவிலும் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு யூகெரா (சுமார் ஒன்றேகால் ஏக்கர்) நிலம் என்று செனட்டே கணக்கிட்டு வழங்கியது. பின்வந்த தலைமுறைகளில் அந்தக் கை சுருங்கியது.

கி.மு. 88இல் இத்தாலியின் நோலா நகரருகே சுல்லாவின் பாசறையில் நடந்ததைப் பார்ப்போம். ஆசிய மைனரின் போன்டஸ் மன்னர் மித்ரிடேட்டஸுக்கு எதிரான போர்த் தலைமை சுல்லாவிடமிருந்து பறிக்கப்பட்டு மாரியஸுக்குத் தரப்பட்டிருந்தது. படையைப் பொறுப்பேற்க வந்த அதிகாரிகளை வீரர்களே கல்லால் அடித்துக் கொன்றார்கள். சுல்லா ரோமை நோக்கிப் புறப்பட்டதும், ஒரே ஒரு குவெஸ்டரை (நிதி அதிகாரியை) தவிர மேலதிகாரிகள் எல்லோரும் அவரை விட்டு விலகியதாக வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். அவருடைய ஆறு லெஜியன் படைப்பிரிவுகளின் சாதாரண வீரர்கள் விலகவில்லை. மாரியஸ் வேறு ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய்விட்டால் ஆசியப் போரின் ஆதாயம் தங்களுக்குக் கிட்டாது என்ற அச்சமே அவர்களை நகர்த்தியது. அன்று சட்டத்தை மீறும் முடிவில் தளபதியைவிட வீரர்கள் முந்திக்கொண்டார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

கி.மு. 107இல் சொத்தில்லாதவர்களை மாரியஸ் படையில் சேர்த்ததை எல்லாவற்றுக்கும் தொடக்கமாகக் காட்டுவது மிகை. படையில் சேர்வதற்கான சொத்து வரம்பு அதற்கு முன்பே படிப்படியாகக் குறைந்து வந்தது. பணிக்காலத்தில் கூலி கொடுத்த அரசு, படையைக் கலைத்த பிறகு அந்த ஏழை எங்கே போவான் என்பதற்கு நிலையான ஏற்பாடு எதையும் செய்யவில்லை என்பதுதான் சிக்கல். கி.மு. 103இல் மாரியஸின் வீரர்களுக்கு ஆப்பிரிக்காவில் ஆளுக்கு 100 யூகெரா, அதாவது சுமார் 62 ஏக்கர், கிடைத்ததென்றால் அது சத்துர்னினஸ் என்ற டிரிப்யூன் (மக்களின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரி) போராடிக் கொண்டுவந்த சட்டத்தால்.

பதவி வெறி என்ற விளக்கம் பொம்பேயஸிடம் வந்து தடுமாறுகிறது. கி.மு. 62இல் கிழக்கை வென்று இத்தாலியின் பிரண்டிசியம் துறைமுகத்தில் இறங்கியவர் படையைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பினார். சட்டத்தை மதித்த அவருக்குச் செனட் காட்டிய பதில் இழுத்தடிப்பு. வீரர்களுக்கான நிலம் மூன்றாண்டுகள் கிடப்பில் கிடந்தது. கி.மு. 59இல் கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவியில் இருந்த சீசர்தான் அதைச் சட்டமாக்கினார். பொம்பேயஸைச் சீசரிடம் தள்ளியது செனட்டின் பிடிவாதமே.

படையைக் கலைத்த பிறகு வீரனின் பிழைப்பு என்ற இந்த முடிச்சைப் பின்னர் முதல் பேரரசர் அகஸ்டஸ் புரிந்துகொண்டார். கி.பி. 6இல் படைவீரர்களுக்கென்றே தனிக் கருவூலம் அமைத்து, தம் பணத்திலிருந்து 17 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) போட்டார். வாரிசுச் சொத்தின் மீது 5 சதவீத வரியும் ஏல விற்பனையின் மீது 1 சதவீத வரியும் அதற்குச் சென்றன. 20 ஆண்டுப் பணிக்கு 12,000 செஸ்டர்ஸ் என்று தொகையும் உறுதியானது. ஆனால் செலவுக்கு அஞ்சி, பணிக்காலம் முடிந்தவர்களையும் விடுவிக்காமல் வைத்திருந்தார்கள். கி.பி. 14இல் அகஸ்டஸ் இறந்ததும் ரைன் கரைப் படைகள் கொதித்தெழுந்தன. பாசறைக்கு வந்த ரைன் படைகளின் தளபதி ஜெர்மானிக்கஸின் கையை முத்தமிடுவதுபோல் பற்றிய கிழட்டு வீரர்கள், அவருடைய விரல்களைத் தங்கள் வாய்க்குள் வைத்துப் பல்லில்லாத ஈறுகளைத் தொடச் செய்ததாக வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். ஆட்சியைக் கைப்பற்ற விரும்பினால் துணைநிற்போம் என்றும் அவர்களே அவரிடம் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார்.