விற்பவரை மாற்றாமல் விளக்கேற்றிய ஊர்

பிரிட்டனில் 1998, 99 ஆண்டுகளில் வீட்டு மின்சாரச் சந்தை முழுவதும் திறந்துவிடப்பட்டது. அதன்பின், எந்த நிறுவனத்திடம் கரண்டு வாங்கினால் பில் குறையும் என்று விலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது அங்கே குடும்பப் பொறுப்புகளில் ஒன்றாகிவிட்டது. தேனி மாவட்டத்துக் குச்சனூரில் அப்படி ஒரு கேள்விக்கே இடம் இருந்ததில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருபவர் எந்த நிறுவனத்து ஆள் என்று யாரும் கேட்டதில்லை. அவர் ஈபிக்காரர், அவ்வளவுதான். இதை வைத்து, உத்தமபாளையம் வட்டாரத்துக் குடும்பங்கள் ஒரு உரிமையை இழந்து நிற்கின்றன என்று சொல்பவர்கள் உண்டு. இந்த ஊர்கள் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் கடந்த நூறு ஆண்டைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே வீட்டுச் செலவைக் குறைத்தது ஒரு எரிபொருளை விட்டு இன்னொன்றுக்கு நகர்ந்ததுதான். அப்படி நகர முடிந்ததற்குப் பெரிய காரணம், ஒரே விற்பவர் எல்லா வீட்டுக்கும் ஒரே விலையில் கம்பி இழுத்தது.

விற்பவர்கள் போட்டி போட்ட காலமும் ஒன்று இருந்தது. வீட்டடுப்பில் பருத்திமாரும் விறகும் வரட்டியும் எரிந்துகொண்டிருந்த அந்த நாளில், காசு கொடுத்து வாங்கிய ஒரே எரிபொருள் விளக்குக்கான சீமெண்ணெய். அதை விற்றவை வெளிநாட்டுக் கம்பெனிகள். 1927-ல் நியூயார்க் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி சோவியத் ரஷ்யாவின் எண்ணெயை வாங்கி இந்தியாவில் விற்க, ராயல் டச் ஷெல் கோபம் கொண்டு விலையை வெட்டியது. இரண்டும் மாறி மாறி வெட்டிக்கொண்டன. அரிக்கேன் விளக்கு வைத்திருந்த ஏழைக்கு அது நல்ல காலமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் மறு ஆண்டே, 1928 செப்டம்பரில், ஸ்காட்லாந்தின் அக்னக்காரி கோட்டையில் பெரிய எண்ணெய் முதலாளிகள் கூடி, அவரவர் சந்தைப் பங்கு அவரவருக்கு என்று உடன்பாடு செய்துகொண்டார்கள். அதே ஆண்டில் இந்திய விற்பனைக்கென்று பர்மா ஷெல் கம்பெனியும் உருவானது. வாங்குபவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட்டியால் வந்த மலிவு, போட்டியாளர்கள் விரும்பும்வரை மட்டுமே நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இந்திய எரிபொருள் வரலாற்றில் இல்லை என்றே நினைக்கிறேன்.

மின்சாரமும் முதலில் தனியார் சரக்காகத்தான் வந்தது. சென்னையிலும் மதுரையிலும் உரிமம் பெற்ற கம்பெனிகள் தெருவிளக்குக்கும் வசதியான வீடுகளுக்கும் கரண்டு கொடுத்தன. நெருக்கமாக வீடுகள் இருந்த நகரத்தில் லாபம் இருந்தது. வயலுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் ஊருக்குப் பல மைல் கம்பி இழுத்து, வீட்டுக்கு ஒன்றிரண்டு பல்பு எரியவைப்பதில் எந்தக் கம்பெனிக்கும் லாபமில்லை. 1948-ம் ஆண்டு மின் வழங்கல் சட்டம் மாநில வாரியங்களுக்கு வழி வகுத்தது. 1957 ஜூலை 1 அன்று சென்னை மாநில மின்சார வாரியம் பிறந்தது. மிச்சமிருந்த தனியார் மின் நிறுவனங்களை எடுத்துக்கொள்ளத் தமிழ்நாடு 1973-ல் சட்டம் இயற்றியது. இந்த வரிசையைத் தனியார் மீதான அரசின் பொறாமையாகப் படிப்பது தவறு. நகரத்தில் வரும் லாபத்தை எடுத்துக் கிராமத்துக் கம்பிக்குச் செலவழிக்க வேண்டுமானால் இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருக்க வேண்டும். வாரியம் அந்தப் புத்தகம்.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இதில் ஒரு தனி வழக்கு உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. 1895-ல் பாசனத்துக்காகத் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தில் கிழக்கே வந்து, குமுளி மலைச்சாலையில் போகிறவர்கள் பார்க்கும் அந்த ராட்சதக் குழாய்கள் வழியே லோயர் கேம்ப்பில் விழுகிறது. 1958-ல் அங்கே முதல் எந்திரம் ஓடத் தொடங்கியது. நான்கு எந்திரங்களும் சேர்ந்தபோது திறன் 140 மெகாவாட். அதே தண்ணீர்தான் கீழே இறங்கி இருபோக நெல்லுக்குப் பாய்ந்து, குச்சனூர் சனீஸ்வரர் கோயிலை ஒட்டியும் ஓடுகிறது. அப்படியானால் இந்த ஊர்க்காரருக்கு மட்டும் கரண்டு மலிவாகக் கிடைக்க வேண்டாமா? கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் அந்த எந்திரங்கள் ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. அணையில் நீர் இறங்கும் கோடையில் உற்பத்தி சுருங்கும். அப்போது பள்ளத்தாக்கின் மோட்டார்களை ஓட்டுவது நெய்வேலி நிலக்கரி போன்ற வெளியூர் மின்சாரம். எந்திரத்துக்குப் பக்கத்து ஊருக்கும் ராமநாதபுரம் கடற்கரைக்கும் ஒரே கட்டணம் என்ற விதி, மழைக்காலத்தில் நம்மிடமிருந்து எடுத்ததைக் கோடையில் திருப்பித் தந்தது. தனித்தனி விற்பவர்கள் இருந்திருந்தால் அந்தக் கோடை விலையை யார் சுமந்திருப்பார்கள்?

சமையல் கேஸில் விற்பவரை மாற்றும் உரிமை வந்தேவிட்டது. 2013-ல் சில நகரங்களில் சோதித்து, 2014 ஜனவரியில் நாடு முழுவதும் பல நூறு மாவட்டங்களுக்கு விரித்தார்கள்: சிலிண்டர் கொடுக்கும் ஏஜென்சி பிடிக்கவில்லையென்றால் இன்னொன்றுக்கு மாறலாம், இண்டேனிலிருந்து பாரத் கேஸுக்கோ எச்.பி. கேஸுக்கோகூடப் போகலாம். நல்ல உரிமைதான், சிலிண்டர் போடுபவர் இழுத்தடித்தால் தண்டிக்க ஒரு வழி கிடைத்தது. ஆனால் மூன்று கம்பெனிகளும் ஓர் ஊரில் வைப்பது ஒரே விலை என்பதால், மாறியதால் யாருக்கும் பணம் மிச்சமானதில்லை. ஏழை வீட்டின் அடுப்பை மாற்றியது வேறு: 2007-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச கேஸ் அடுப்பு இணைப்பு, 2016-ல் வந்த மத்திய அரசின் உஜ்வலா இணைப்புத் திட்டம். விறகிலிருந்து கேஸுக்கு நகர்ந்ததில் பெண்களுக்கு மிச்சமான நேரமும் குறைந்த கண்ணெரிச்சலும் எந்த விலைப்பட்டியலிலும் ஏறாதவை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒரே விற்பவர் கெட்டுப்போனால் ஓடிப்போக இடமில்லை. 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்டு இல்லை. வாரியத்திலிருந்து 2010-ல் பிரிந்த மின் உற்பத்தி, விநியோக நிறுவனமான டான்ஜெட்கோவின் கடன் அவ்வளவு பெருகி, 2017-ல் மின் நிறுவனங்களின் கடனைச் சீரமைக்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தின்படி 22,815 கோடி ரூபாயை மாநில அரசே ஏற்க வேண்டியிருந்தது. இதை மூடி மறைத்து வாரியத்தைப் புகழ்வது நேர்மையில்லை. 2014 இறுதியிலிருந்து 2022 செப்டம்பர் வரை கட்டணத்தை உயர்த்தாமல் தள்ளிப்போட்டதும் அந்தக் கடனை வளர்த்தது. ஆனால் விற்பவர்களை அதிகமாக்கினால் இது தீருமா? மும்பையில் 2008-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், ரிலையன்ஸின் கம்பியிலேயே டாடாவின் கரண்டை வாங்க வீடுகளுக்கு வழி திறந்தது. அதிகம் செலவழிக்கும் வாடிக்கையாளர்கள் முதலில் போனார்கள்; சிறிய வீடுகளின் சுமை பழைய இடத்திலேயே தங்கியது. அதைச் சரிசெய்ய மகாராஷ்டிர ஒழுங்குமுறை ஆணையம் கூடுதல் கட்டணம் போட்டது. பிறகு, மாதம் 300 யூனிட்டுக்குள் எரிக்கும் வீடுகளை மட்டுமே டாடா புதிதாகச் சேர்க்கலாம் என்று 2012-ல் கட்டுப்படுத்தவும் நேர்ந்தது. பிரிட்டனிலோ, பெரிய ஆறு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களில் சுமார் 70 சதவீதம் பேர் மாறாமல் விலை கூடிய சாதாரணத் திட்டத்திலேயே கிடந்ததை 2016-ல் போட்டி ஆணையம் கண்டது. 2021-ல் எரிவாயு விலை ஏறியபோது சிறு நிறுவனங்கள் வரிசையாக மூழ்கின. ஒரே பகுதியில் பல விநியோகஸ்தர்களை அனுமதிக்க 2022 ஆகஸ்டில் மக்களவையில் வந்த மின்சாரத் திருத்த மசோதாவைத் தமிழ்நாடு எதிர்த்ததற்கு இந்த அனுபவங்களே போதிய காரணம்.

உண்மையில் பள்ளத்தாக்கில் விற்பவரை மாற்றும் வழி ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது, வீடுகளுக்கு மட்டும் இல்லை. கம்பம் கணவாய் வழியே ஆடியில் அடிக்கும் காற்று காற்றாலைகளைச் சுற்றுகிறது. சொந்தமாகக் காற்றாலை வைத்திருக்கும் பஞ்சாலை அந்தக் கரண்டை வாரியக் கம்பி வழியே எங்கோ இருக்கும் தன் ஆலைக்குக் கொண்டுபோகும். சீசனில் மிஞ்சியதை வாரியத்திடம் வரவு வைத்துப் பின்னால் எடுத்துக்கொள்ளும் வசதியும் நெடுங்காலம் இருந்தது. 2003-ம் ஆண்டுச் சட்டம் ஒரு மெகாவாட்டுக்கு மேல் வாங்குபவர்களுக்கு வெளியே வாங்கும் உரிமை தந்தது. சொந்த உற்பத்தியைப் பயன்படுத்துபவர்களைக் சிறு வீடுகளின் மலிவு விலையை ஈடுகட்ட வசூலிக்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணத்திலிருந்தும் விலக்கியது. காற்றாலை கெட்டது என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாடு அதற்காகப் பெருமைப்படலாம். ஆனால் அதிகக் கட்டணம் கொடுத்துவந்த ஒவ்வொரு ஆலை வெளியேறும்போதும் குடிசை விளக்குக்கும் பம்புசெட்டுக்கும் ஈடுகட்டிய பணம் குறைகிறது.

குச்சனூர் வீட்டுக்கு இன்று பணம் மிச்சமாகும் வழிகள் வேறு. 2016 மே மாதம் முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கு இருந்த சலுகையும் போய்விடும். அந்தக் கோட்டுக்குள் நிற்பது எந்தக் கம்பெனியைத் தேடுவதையும்விட லாபம். 2024-ல் வந்த மத்திய அரசின் சூர்ய கர் திட்டம் மூன்று கிலோவாட் கூரைத் தகடுகளுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. இந்த நூறு ஆண்டு வரிசையில் அடுத்த எரிபொருள் மாற்றம் அதுதான். ஆனால் அதற்குச் சொந்தமாக ஒரு காங்கிரீட் மாடி வேண்டும், மானியம் வரும்வரை போட்டுவைக்கக் கையில் பணமும் வேண்டும். வாடகை வீட்டுக்காரரும் ஓட்டு வீட்டுக்காரரும் இதில் நுழையக் கூட்டாக ஒரு சூரிய நிலையமும், அதன் வரவை ஒவ்வொருவர் பில்லிலும் பிரித்துக் கழிக்கும் ஏற்பாடும் தேவை. பஞ்சாலையின் காற்றாலைக் கரண்டை ஊர்விட்டு ஊர் கணக்கிட்டுக் கழிக்க வாரியத்தால் முடிந்திருக்கிறது. ஒரு தெருவுக்கு அதையே செய்து கொடுக்கும்படி கேட்பதில் தவறில்லை.