கடைசி வளைவின் நியாயம்: பந்தய முடிவும் பகைமையும்

2015 ஜூன் 27. நெதர்லாந்தின் ஆஸன் தடத்தில் மோட்டோஜிபி மோட்டார்சைக்கிள் பந்தயத்தின் கடைசிச் சுற்று. முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னுள்ள இரட்டை வளைவுக்குள் வாலண்டினோ ரோஸ்ஸி முதலில் நுழைந்தார். மார்க் மார்க்கெஸ் பிரேக்கைத் தாமதப்படுத்தி உள்பக்கமாகப் புகுந்தார், இருவரும் உரசிக்கொண்டனர். ரோஸ்ஸி வண்டியைத் திருப்ப முயலவில்லை. நிமிர்த்திப் பிடித்துச் சரளைப் படுகைக்குள் நேராக விட்டார், மறுபக்கம் தடத்தில் ஏறினார், 1.242 விநாடி முந்திக் கோட்டைக் கடந்தார். தடத்தை விட்டு இறங்கியவர் வென்றார், தடத்திலேயே ஓட்டியவர் இரண்டாமிடம் பெற்றார்.

பந்தய நிர்வாகம் இருவர் மீதும் நடவடிக்கை எடுக்கவில்லை. நியாயப்படி வென்றது தானே என்ற எண்ணத்தை மார்க்கெஸ் மறைக்கவும் இல்லை.

இத்தகைய முடிவுகளைப் பற்றி எழுதுவோர், தோற்றவர் கைகுலுக்கினாரா, முகத்தைத் திருப்பிக்கொண்டாரா என்பதை வைத்தே விளையாட்டுப் பண்பை எடைபோடுகின்றனர். இது பாதி உண்மையே. விதி செய்யவேண்டிய வேலையைப் பண்பின் தலையில் கட்டும்போதுதான் போட்டி பகையாகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆஸனில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. வளைவு யாருக்கு உரியது? தள்ளப்பட்டவர் குறுக்கே கடந்தால் அது ஆதாயமா? பந்தயத்தின் நடுவே இப்படி நேர்ந்தால் விடை எளிது: குறுக்கே போய் முந்தியவர் அடுத்த சுற்றில் இடத்தைத் திருப்பித் தந்துவிடலாம். கடைசி வளைவுக்குப் பின் திருப்பித் தர இடமேது? அங்கே எடுத்தது எடுத்ததுதான். பொறுப்புடன் ஓட்ட வேண்டும் என்றது விதி. பொறுப்பின் அளவை அதிகாரிகளிடம் விட்டுவிட்டது. என் கணிப்பில் ரோஸ்ஸியின் வெற்றி நியாயமானதே. முன்னால் நுழைந்தவர் அவர். உரசலுக்குப் பின் இரண்டாவது வளைவில் வண்டியைத் திருப்ப அவருக்கு வழியிருக்கவில்லை. ஆனால் மார்க்கெஸை ஏற்கவைக்கும் வலு 'நடவடிக்கை இல்லை' என்ற முடிவுக்கு இல்லை.

அதே ஆண்டு அக்டோபரில் மலேசியாவின் செபாங்கில் இருவரும் மறுபடி மோதினர். ஆஸன்தான் அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். முந்தைய வாரம் ஆஸ்திரேலியாவில் பட்டத்துக்குத் தன்னோடு போட்டியிட்ட ஹோர்ஹே லொரென்ஸோவுக்கு மார்க்கெஸ் வேண்டுமென்றே உதவினார் என்று ரோஸ்ஸி பத்திரிகையாளர் சந்திப்பிலேயே குற்றம் சாட்டியிருந்தார். செபாங்கில் ரோஸ்ஸி தன் பாதையை விட்டு வெளிப்பக்கம் விலகி மார்க்கெஸை ஒதுக்க, மார்க்கெஸ் விழுந்தார். ரோஸ்ஸிக்கு 3 தண்டனைப் புள்ளிகள். ஏற்கெனவே இருந்த ஒன்றுடன் 4 ஆனதால், ஆண்டின் இறுதிப் பந்தயமான வலென்சியாவில் கடைசி இடத்திலிருந்து புறப்பட்டார். நான்காவதாக வந்தும் 5 புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தை லொரென்ஸோவிடம் இழந்தார்.

விதியைக் கறாராக்கினால் பகை தணிந்துவிடுமா? 2018 ஏப்ரலில் அர்ஜென்டினாவில் நடந்தது என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று. ரோஸ்ஸியை இடித்து விழவைத்த மார்க்கெஸுக்கு 30 விநாடி தண்டனை உடனே கிடைத்தது. ஐந்தாவதாகக் கோட்டைக் கடந்தவர் 18ஆம் இடத்துக்கு இறங்கினார். பந்தயம் முடிந்து மன்னிப்புக் கேட்க ரோஸ்ஸியின் யமஹா அணிக் கூடத்துக்கு அவர் போனபோது, ரோஸ்ஸியின் நண்பர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். செப்டம்பரில் இத்தாலியின் மிசானோவில், கேமராக்கள் முன் மார்க்கெஸ் நீட்டிய கையை ரோஸ்ஸி பற்றவில்லை. ஆக, தண்டனை கணக்கைத் தீர்க்கும், மனதைத் தீர்க்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அர்ஜென்டினாவுக்குப் பின் முடிவு சரியா என்று யாரும் சண்டையிட வேண்டியிருக்கவில்லை. எஞ்சியது இரு மனிதர்களின் சொந்த வருத்தம். அதைத் தீர்ப்பது விளையாட்டு அமைப்பின் வேலையும் அல்ல. மன்னிக்க மறுத்ததால் ரோஸ்ஸியைப் பண்பற்றவர் என்பதும் அவசரத் தீர்ப்பு.

மாறாக 2020 ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் ஸ்டிரியா பந்தயத்தைப் பாருங்கள். மோட்டோஜிபிக்கு அடுத்த நிலையான மோட்டோ2 பிரிவில் முதலில் கோட்டைக் கடந்தவர் ஹோர்ஹே மார்ட்டின். கடைசிச் சுற்றில் தடத்தின் எல்லைக்கு வெளியே ஓரத்திலுள்ள பச்சைப் பட்டையில் அவரது சக்கரம் ஏறியதால் ஓரிடம் கீழிறக்கப்பட்டார். மார்கோ பெஸ்ஸெக்கி வெற்றியாளரானார். வேண்டுமென்றே ஏறினாரா என்று யாரும் ஆராய வேண்டியிருக்கவில்லை. மார்ட்டினுக்கு ஏமாற்றம் இருந்திருக்கும், ஆனால் தகராறுக்கு இடமில்லை. பின்னாளில், 2025இல், இருவரும் ஏப்ரிலியா அணியில் சக வீரர்களானார்கள்.

பட்டையில் ஏறுவதைப் படம் காட்டிவிடும். உரசலில் யார் யாரை ஒதுக்கினார் என்பதை எந்தக் கருவியும் காட்டாது. அங்கே மனிதத் தீர்ப்பு தவிர்க்க முடியாதது. அதனாலேயே, கடைசிச் சுற்றில் இரு வண்டிகள் மோதும் ஒவ்வொரு பந்தயத்துக்கும், நடவடிக்கை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அதிகாரிகள் தங்கள் முடிவின் முழுக் காரணத்தை அன்றே எழுத்தில் வெளியிட வேண்டும். அதன் பிறகு கைகுலுக்குவதும் குலுக்காததும் வீரர்களின் விருப்பம்.