கறுவாத்தோட்டம்: மதில்களும் வாசல்களும்

கொழும்பு 7 என்பது ஒரு தபால் வலயத்தின் இலக்கம். ஆனால் எம் நாட்டில் அது மனிதரின் தரத்தை அளக்கும் அளவுகோலாகவும் வழங்குகிறது. நோயாளிகளின் விலாசத்தைப் பதியும்போது, "கொழும்பு ஏழு" என்பது எவ்வளவு அழுத்திச் சொல்லப்படுகிறது என்பதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். எம்மிற் பலர் இன்று தலைநகரிலும் கடல் கடந்தும் வாழ்கிறோம். அந்த விலாசத்தின் கதையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது.

முதற் கதை பெயரிலேயே இருக்கிறது. காடுகளில் உரிக்கப்பட்டுவந்த கறுவாவைத் தோட்டப் பயிராக்கும் முயற்சி, ஒல்லாந்தத் தேசாதிபதி பல்க் காலத்தில், 1760களின் பிற்பகுதியில் மருதானையில் தொடங்கியது. பட்டை உரித்தவர்கள் சாலாகம சமூகத்தினர். அவர்களுக்கு அது பிறப்பால் விதிக்கப்பட்ட கட்டாய ஊழியம். 1833இல் பிரித்தானியர் கறுவா வர்த்தகத்தில் அரசுக்கிருந்த தனியுரிமையைக் கைவிட்டனர். காலப்போக்கில் தோட்டம் வீட்டுக் காணிகளாயிற்று. கோப்பியிலும் தெங்கிலும் காரீயத்திலும் பொருளீட்டிய குடும்பங்கள் மாளிகைகள் எழுப்பின. வீதிகளுக்கு ஹோர்ட்டன், வார்ட், பார்ன்ஸ், கிரகரி எனத் தேசாதிபதிகளின் பெயர்கள் சூட்டப்பட்டன. பட்டை உரித்தவர்களின் நினைவாக எஞ்சியது 'கறுவா' என்ற சொல் மட்டுமே.

தமிழ்ப் பிரமுகர்களும் அங்கு குடியேறினர். வார்ட் பிளேசில் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் 'சுகஸ்தான்', ஹோர்ட்டன் பிளேசில் தம்பியார் அருணாசலத்தின் 'பொன்க்ளார்' ஆகிய இல்லங்கள் இருந்தன. 1913இல் மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்கெனக் கல்லூரி நிறுவிய இராமநாதன், டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்தார். பெண்கள் ஓயவில்லை. 1927இல் அமைந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர், கனடாவில் பிறந்து இலங்கைத் தமிழரை மணந்த வைத்தியர் மேரி ரட்ணம். 1931இல் பெண்கள் வாக்களித்தனர். 1937இல் அவர் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்ணாக, கறுவாத்தோட்டத்தின் வெள்ளை நகர மண்டபத்துள் நுழைந்தார்.

அதிகாரம் குடியிருந்த இடமாதலால், பலரது தலைவிதியும் இங்கே எழுதப்பட்டது. 1957இன் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம், 1958 ஏப்ரல் 9ஆம் திகதி, றொஸ்மீட் பிளேசில் பிரதமரின் இல்லத்தின் முன் பிக்குமார் அமர்ந்து நெருக்கியதையடுத்துக் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே நாட்டில் கலவரம் மூண்டது. மறு ஆண்டு செப்தெம்பரில் பிரதமரும் அதே இல்லத்திற் சுடப்பட்டார். 1983 யூலையில் பொறளை மயானத்தருகே தொடங்கிய வன்செயல் கறுவாத்தோட்டத்துத் தமிழர் வீடுகளையும் விட்டுவைக்கவில்லை. உயர்ந்த மதிலும் பெரிய விலாசமும் எவரையும் காக்கவில்லை. அகதி முகாம்களில் வசதி படைத்தோரும் ஏழைகளும் ஒரே வரிசையில் நின்றனர்.

ஆனாலும் கறுவாத்தோட்டத்தில் மதில்கள் மட்டும் இல்லை. எல்லோருக்கும் திறந்த வாசல்களும் உண்டு. விகாரமகாதேவி பூங்கா, பொது நூலகம், பல்கலைக்கழகம் என்பன அவற்றுட் சில. 1877இல் திறக்கப்பட்ட நூதனசாலையைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் கட்டட ஒப்பந்தகாரர். 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதி ஒன்று அங்குள்ள நூலகத்தைச் சேரவேண்டியதாயிற்று. எம் முன்னோர் அச்சிட்ட தமிழ் நூல்களும் அவ்வாறே அங்கு சேர்ந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபின், இந்தச் சேகரிப்பின் பெறுமதி எமக்கு இன்னும் பெரிது.

விடுமுறையில் பிள்ளைகளோடு கொழும்புக்கு வரும் சகோதரிகள், அவர்களுக்கு மாளிகைகளைத் தாராளமாகக் காட்டுங்கள். பின்னர் நூதனசாலைக்கும் அழைத்துச் செல்லுங்கள். கொழும்பு ஏழில் எமக்கும் பங்குள்ள இடம் அதுதான்.