ஏட்டில் ஏறாத விழுப்புண்

போர்க்களத்தில் பட்ட காயத்துக்கு விழுப்புண் என்று தனிப்பெயர் இட்டவர் தமிழர். பகைவனை எதிர்த்து நின்று முகத்திலும் மார்பிலும் ஏற்ற காயம் விழுப்புண். முதுகிற் பட்டது புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாற் சோழனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பிற் பாய்ந்த வேல் முதுகையும் ஊடுருவியது. அதனைப் புறப்புண்ணாகக் கருதி நாணிய அம்மன்னன், வடக்கிருந்து உயிர் நீத்தான் என்பர். புண் ஒன்றே, அதற்கு இட்ட பெயரே ஓர் அரசனுடைய மானத்தையும் உயிரையும் தீர்மானித்தது.

களத்தில் வீழ்ந்த வீரனுக்கு நம் முன்னோர் நடுகல் நாட்டினர். அவன் பெயரையும் செயலையும் கல்லிற் பொறித்தனர். இக்காலத்தில் அந்தக் கல்லின் இடத்தை ராணுவத்தின் தஸ்தாவேஜு பெற்றிருக்கிறது. அதில் ஏறிய காயம் விழுப்புண்ணாகிறது. ஏறாத காயம் வெறும் தழும்பாக நின்றுவிடுகிறது. அவ்வாறு ஏறாமற்போன காயத்தை, அல்லது வேறு பெயரில் ஏறிவிட்ட காயத்தைத் திருத்தி எழுதுவது எவ்வாறு? அதனை மெய்ப்பிக்கும் பாரம் வீரனுடையதா, அரசினுடையதா? இவ்விரு வினாக்களின் வரலாற்றை நேயர்களோடு சேர்ந்து சிறிது ஆராய்வோம்.

தென் அந்தமானில், போர்ட் பிளேயர் என நெடுங்காலம் வழங்கி, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற நகரை அடுத்துள்ள ஊர் புரோத்ராபூர். ஆங்கில அதிகாரிகளின் பெயரோடு நம் நாட்டு விகுதி ஒட்டி வழங்கும் ஊர்கள் இத்தீவில் பல. ஃபெரார்கஞ்ச், ஹம்ப்ரிகஞ்ச் போன்று புரோத்ராபூரும் அவ்வகையினதே. மாவட்டச் சிறைச்சாலை அங்கே இருக்கிறது. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி, ஏறத்தாழ 15 சதவீதத்தினர். முன்னாள் படைவீரர்களும் இத்தீவுகளுக்குப் புதியவர் அல்லர். 1969ஆம் ஆண்டு தொடங்கி, பெரிய நிக்கோபாரில் காம்ப்பெல் விரிகுடாவை ஒட்டி, 300க்கு மேற்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களை மத்திய அரசு குடியேற்றியது. பஞ்சாபியர், மராத்தியர், மலையாளிகள், ஆந்திரர் ஆகியோரோடு தமிழ்க் குடும்பங்களும் அங்கே காடு திருத்திக் குடியேறின.

புரோத்ராபூரில் வாழும் முதிய தமிழ் வீரர் ஒருவரை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அவர் மதராஸ் ரெஜிமெண்டில் பணிபுரிந்தவரானால், அவருடைய ஆவணங்கள் நீலகிரி வெலிங்டனில் இருக்கும். மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையைச் சேர்ந்தவரானால், பெங்களூரில் இருக்கும். வழக்கிட வேண்டுமாயின், தீவுகளுக்கு உரிய படைத்துறைத் தீர்ப்பாயம் கொல்கத்தாவில் இருக்கிறது. சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்த ஊரில் இருந்துகொண்டு, ஒரு பழைய காகிதத்துக்காக தொலைவிலுள்ள ஊர்களுக்கு அவர் கடிதம் எழுத வேண்டியிருக்கும். தாயகம் விட்டு வேற்று மாநிலத்தில் வாழ்வோர் எவருக்கும் இத்துன்பம் விளங்கும்.

காயம் ஏட்டில் ஏறும் முறையைச் சற்று காண்போம். களத்தில் ஒருவர் அடிபட்டால், அவருடைய அணி மேலிடத்துக்குச் செய்தி அனுப்பும். முதலுதவி நிலையத்திலும் கள மருத்துவமனையிலும் குறிப்பு எழுதுவார்கள். அச்செய்தி ஆவண அலுவலகத்தை அடைந்து, வீரருடைய பணிப் பதிவேட்டில் ஏறவேண்டும். பணியிலிருந்து விலகும்போது, மருத்துவக் குழு அக்குறிப்புகளைக் கொண்டே இயலாமை எத்தனை சதவீதம், அது பணியால் விளைந்ததா என்று முடிவு கூறும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், பின்வருவன யாவும் பிழைபடும். அணியே சிதறிப் பின்வாங்கும் நேரத்தில் குறிப்பெழுத எவர் இருப்பார்? சிறு காயந்தானே என்று கட்டுப் போட்டுக்கொண்டு அணிக்குத் திரும்பிய வீரர்கள் எத்துணைப் பேர்!

மொழியாலும் பிழை நேர்வதுண்டு. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர் இதனை நன்கு உணர்வோம். தமிழில் குண்டு பட்டாலும், வண்டி மோதினாலும், வழுக்கி விழுந்தாலும் ‘அடிபட்டது’ என்றே பேச்சு வழக்கில் சொல்லுகிறோம். ஆங்கிலத்திலோ பகைவன் ஆயுதத்தால் வந்த புண்ணுக்கு ஒரு சொல், விபத்தில் வந்ததற்கு மற்றொரு சொல். ‘அடிபட்டது’ என்று வீரர் சொல்ல, எழுத்தர் இரண்டாவது சொல்லை எழுதிவிட்டால் போதும். களத்துப் புண் விபத்தாக மாறிவிடும். நம் மொழியில் விழுப்புண் என்ற தனிச்சொல் இருந்தும், அன்றாடப் பேச்சில் நாம் அதனைக் கைவிட்டோம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். இரண்டாம் உலகப்போரின் முடிவில் இந்தியப் படையில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருந்தனர். அவர்களுடைய ஏடுகள் அரசிடம் இருந்தன. ஆனால் அதே போரில் வேறொரு படையும் போரிட்டது. அதுவே நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அதில் சேர்ந்தனர். அந்தமானுக்கும் அப்படைக்கும் உள்ள உறவு யாவரும் அறிந்ததே. 1942 மார்ச்சில் ஜப்பானியர் கைப்பற்றிய இத்தீவுகளுக்கு நேதாஜி 1943 டிசம்பர் இறுதியில் வந்தார். போர்ட் பிளேயரில் தேசியக் கொடியை ஏற்றினார். பின்னர் தீவுகளின் தலைமை ஆணையராக அவர் அனுப்பியவர், மருத்துவ அதிகாரியான தமிழர், ஏ. டி. லோகநாதன். எனினும் ஜப்பானியர் அவர் கையில் உண்மையான அதிகாரத்தைக் கொடுக்கவில்லை.

அப்படையில் புண்பட்டவர்களின் நிலை என்ன ஆயிற்று? பிரிட்டிஷ் அரசு அப்படையை ஒரு படையாகவே ஏற்கவில்லை. வீரர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறங்களாகப் பிரித்தது. இந்தியப் படையிலிருந்து சென்றவர்கள் விடுதலைக்குப் பின்னும் பழைய பதவிகளில் அமர்த்தப்படவில்லை. தோட்டத்திலிருந்து நேரே சேர்ந்த தமிழருக்கோ, இந்திய ராணுவ அலுவலகம் எதிலும் ஒரு வரியும் இல்லை. அவர்கள் உடலில் இருந்த தழும்பே அவர்களுடைய தஸ்தாவேஜு.

1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், விடுதலையின் வெள்ளிவிழாவை ஒட்டி, தியாகிகளுக்கு மத்திய அரசு ஓய்வூதியத் திட்டம் வகுத்தது. தேசிய ராணுவத்தினரும் அதன் பயனுக்கு உரியவராயினர். ஏடு கிடைக்காதபோது உடன் சிறையிருந்தவர்களின் சான்றை ஏற்கவும் அதில் வழி இருந்தது. ஆயினும், காலம் கடந்து விண்ணப்பித்தார், காகிதம் போதாது என்று மறுக்கப்பட்டவர் பலர். 1993இல் உச்ச நீதிமன்றம், காலக்கெடுவைக் காரணமாகக் காட்டி இவ்விண்ணப்பங்களைத் தள்ளலாகாது என்று தீர்ப்பளித்தது. 2001இல் மற்றொரு வழக்கில், குற்ற வழக்கில் கேட்பது போன்ற கடுஞ்சான்றை இத்தியாகிகளிடம் கேட்கலாகாது என்றும் கூறியது. மெய்ப்பிக்கும் பாரம் வீரனின் தோளிலிருந்து சற்றே இறங்கியது.

பிற நாடுகளும் இச்சிக்கலைக் கண்டன. அமெரிக்கா 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, ராணுவ ஏடுகளில் உள்ள பிழையையும் அநீதியையும் திருத்துவதற்கென்றே தனிக் குழுக்கள் அமைய வழி செய்தது. 1973ஆம் ஆண்டு ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரை அடுத்திருந்த ஆவணக் காப்பகத்தில் பெருந்தீ மூண்டு, 160 லட்சம் முதல் 180 லட்சம் வரையிலான வீரர்களின் கோப்புகள் அழிந்தன. அந்நாட்டார் சம்பளப் பட்டிகளையும் மருத்துவமனைச் சேர்க்கைக் குறிப்புகளையும் தேடி எடுத்து, வீரர்களின் பணிவரலாற்றை மீண்டும் கட்டி எழுப்ப முயன்றனர். கோப்பு எரிந்தது வீரனுடைய குற்றம் அன்று என்ற எண்ணமே அதற்கு அடிப்படை.

நம் நாட்டில் இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் வேரூன்றியது? எதிரியின் செயலால் காயமுற்றோருக்கென 1973இல் காயப் பதக்கம் ஏற்படுத்தப்பட்டது. அதுவே பிறகு பராக்கிரம பதக்கம் எனப் பெயர் பெற்றது. 1982ஆம் ஆண்டு விதிகளில் 9ஆம் விதி, உரிமை கோருவோரை அதனை மெய்ப்பிக்குமாறு கேட்கலாகாது என்றும், ஐயத்தின் பயன் அவருக்கே என்றும் கூறியது. அவ்விதியைக் கொண்டே 2013இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. படையில் சேரும்போது நோய்க்குறிப்பு ஏதும் எழுதப்படவில்லை எனில், பின்னர் வந்த இயலாமை பணியால் வந்ததென்றே கொள்ளவேண்டும். இல்லை என்று மெய்ப்பிப்பது அரசின் பொறுப்பு என்றது.

ஆனால் 2008ஆம் ஆண்டு விதிகளில் ஒரு வாசகம் புகுந்தது. பணியிலிருந்து விலகி 15 ஆண்டுகள் கழித்து ஒருவர் கோரினால், அதற்குள் அவருடைய ஆவணங்கள் காப்புக் காலம் முடிந்து அழிக்கப்பட்டிருக்குமாதலால், மெய்ப்பிக்கும் பாரம் அவரைச் சேரும் என்பது அதன் கருத்து. இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். காகிதத்தைக் காத்தவர் அரசு, அழிப்பவரும் அரசு. அழிந்த காகிதத்துக்கு விடை கூறவேண்டியவரோ புரோத்ராபூரில் இருக்கும் முதியவர். அலுவலகத்துக்கு இடநெருக்கடி உண்டு என்பது மெய்தான். எல்லாக் காகிதத்தையும் என்றென்றும் காப்பது அரிது. அதற்காகக் காயம்பட்டவன் இழப்பது முறையாகுமா?

வகைப்படுத்தலில் ஒரு சொல் மாறினாலும் குடும்பத்தின் வாழ்வு மாறிவிடும். பாதுகாப்பு அமைச்சகம் 2001 ஜனவரியில் வெளியிட்ட ஆணை, மரணத்தையும் இயலாமையையும் ஐந்து வகுப்புகளாகப் பிரித்தது. இயற்கைக் காரணம் முதலாவது; பகைவனோடு நேர்ந்த போர் இறுதியாவது. அம்முறையில் மாண்ட வீரரின் குடும்பத்துக்குச் சாதாரண ஓய்வூதியம் இறுதி ஊதியத்தில் 30 சதவீதம். பணியால் நேர்ந்த மரணமாயின் 60 சதவீதம். போர் நடவடிக்கையாயின் முழு ஊதியம்.

2013 ஜனவரியில் காஷ்மீரக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே கடுங்குளிரில் ரோந்து சென்ற நாயக் ஒருவர் மூச்சுத் திணறி மாண்டார். அம்மரணம் முதலிற் போர் இழப்பு என்றே பதிவாயிற்று. பின்னர் உடல்சார் இழப்பு என்று மாற்றப்பட்டது. அவர் மனைவி படைத்துறைத் தீர்ப்பாயத்தை அணுகி வென்றார். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்டு 2009 முதல் இயங்கும் மன்றம் அது. அரசு மேல்முறையீடு செய்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளியதோடு, அப்பெண்மணியை வீணே நீதிமன்றத்துக்கு இழுத்ததற்காக அவருக்கு 50,000 ரூபாய் செலவுத்தொகை அளிக்குமாறும் பணித்தது. ஒரு சொல்லைத் திருத்த ஏறத்தாழ 12 ஆண்டுகள்!

இவ்வரலாற்றிலிருந்து நம் முன்னாள் வீரர்களின் குடும்பத்தார் கொள்ளவேண்டிய படிப்பினை உண்டு. விலகல் சான்று, மருத்துவமனைச் சீட்டு, களத்திலிருந்து எழுதிய கடிதம் ஆகியவற்றைப் பழங்குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். உடன் போரிட்ட தோழர்கள் உயிரோடிருக்கும்போதே, நாளும் இடமும் குறித்து எழுத்து மூலம் சான்று பெறுங்கள். முதியவர் தம் காயத்தைப் பற்றிச் சொல்லும்போது, அடிபட்டது என்ற அளவில் நிறுத்தாமல், எவரால், எந்த ஆயுதத்தால், எவ்விடத்தில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிழை கண்டால் ஆவண அலுவலகத்துக்கு உடனே எழுதுங்கள். படைவீரர் நல அலுவலகத்தின் துணையை நாடுங்கள். பதினைந்து ஆண்டுகள் கழியும்வரை காத்திருப்பது தகாது.

அரசுக்கும் ஒரு கடமை இருக்கிறது. ஏட்டைத் திருத்துவது வீரனுக்கு இடும் பிச்சை அன்று. அரசு தன் கணக்கில் உள்ள பிழையைத் தானே நேர்செய்தல். காயம் பட்ட நாளில் குறிப்பு எழுதும் பொறுப்பு அரசினுடையது. அன்று எழுதத் தவறியதன் பயனை, ஐம்பது ஆண்டு கழித்தும் தழும்போடு நிற்கும் முதியவர் சுமக்கலாகாது.