வாந்திபேதியும் ஒரு நொதியும்

நிகோபார்த் தீவுகளுள் நன்கவுரிக் கூட்டம் நாற்புறமும் கடல் சூழ்ந்து ஒதுங்கிக் கிடப்பது. 2002-ஆம் ஆண்டில் அங்கும் வாந்திபேதி புகுந்து உயிர்களைக் கொண்டது. இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேரின் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் அதனை ஆராய்ந்தனர். இந்நோய் உடலில் எவ்விடத்தைப் பற்றுகிறது என்னும் வினாவுக்கோ, விடை அதற்கு முன்பே நம் நாட்டில் பிறந்திருந்தது.

1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் இந்நோயின் கிருமியைக் கண்டார். அது கொல்லும் விதம் மட்டும் விளங்கவில்லை. நஞ்சு இரத்தத்தில் கலந்து கொல்கிறது என்றெண்ணிப் பிராணிகளுக்கு ஊசி வழியே ஏற்றிப் பார்த்தனர், வாந்திபேதி உண்டாகவில்லை. அதே கல்கத்தாவில் சம்புநாத் டே என்னும் மருத்துவர், முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, கிருமியை அதனுள்ளேயே செலுத்தினார். குடல் நீரால் புடைத்தது. 1959-இல், கிருமியை வடிகட்டி நீக்கிய நீரே அவ்வாறு செய்வதை மெய்ப்பித்தார். நஞ்சின் களம் இரத்தமன்று, குடற்சுவரே என்பது தெளிவாயிற்று.

அந்நாளில் அமெரிக்காவில் சதர்லாந்து வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஹார்மோன் கொணரும் செய்தியை உயிரணுவின் உள்ளே சேர்க்கும் நொதி ஒன்றுண்டு. அதன் பெயர் அடினைல் சைக்ளேஸ். அது சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் பொருளை ஆக்குகிறது. எந்தெந்தத் திசுக்களில் அது உள்ளது என்று ரால், மேனன் ஆகியோருடன் ஆராய்ந்து 1962-இல் வெளியிட்டார். ஈரல், இதயம், தசை, மூளை எனப் பலவற்றிலும் அது இருந்தது.

இவ்விரு வழிகளும் பின்னர்க் குடலில் வந்து கூடின. வாந்திபேதி நஞ்சு, இந்நொதியை இயக்கும் விசையை அணையாதபடி பூட்டிவிடுகிறது. சைக்ளிக் ஏ.எம்.பி. பெருக, உப்பு வெளியேற, நீர் அதைத் தொடர்கிறது. நொதி உடலெங்கும் இருந்தும் இதயமோ மூளையோ நேரே தாக்கப்படுவதில்லை. நஞ்சு குடற்சுவரிலேயே தங்கிவிடுகிறது. அச்சுவரில் சர்க்கரையோடு உப்பை உள்ளிழுக்கும் வழியொன்று பழுதுறாமல் இருப்பதும் நமது நற்பேறு.

1971-இல் வங்க அகதிகள் முகாமில் திலீப் மகலநவீஸ் அவ்வழியையே நம்பி, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கிற்று. சதர்லாந்துக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அவ்வாண்டே. 1985-இல் மறைந்த டேக்கு நம் நாட்டின் பெரிய விருது ஒன்றேனும் கிட்டவில்லை என்பது நமக்கு இன்றும் உறுத்துகிறது.