இதயத் திசு நீக்கத்தில் அண்மை உறுப்புப் படிமமாக்கம்

இதயத் திசு நீக்கத்தில் அண்மை உறுப்புப் படிமமாக்கம் என்பது, சீரற்ற இதயத் துடிப்பைச் சரிசெய்ய இதயத்தினுள் திசுவைச் சுடும்போது, இதயத்தை ஒட்டியுள்ள பிற உறுப்புகள் காயமடையாதிருக்க அவற்றின் இருப்பிடத்தைப் படமெடுத்து அறியும் முறை ஆகும். இவ்வுறுப்புகளுள் முதன்மையானது உணவுக்குழாய்.

பின்னணி

இச்சிகிச்சையில் தொடைச் சிரை வழியாக வடிகுழாய் இதயத்துக்குள் செலுத்தப்பட்டு, தவறான மின் துடிப்பைத் தோற்றுவிக்கும் அல்லது கடத்தும் திசு வெப்பத்தால் செயலிழக்கச் செய்யப்படுகிறது. உறையவைக்கும் முறையும் உண்டு. மேலறை நடுக்கத்தைத் தூண்டும் துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளில் தோன்றுவதை 1998 இல் பிரான்சின் போர்டோ நகர மருத்துவர்கள் காட்டினர். அச்சிரைகளைச் சுற்றிச் சுடுவது அதன்பின் பரவலாயிற்று. அவை திறக்கும் இடது மேலறையின் பின்சுவர் சில மில்லிமீட்டர் தடிப்பே உடையது. உணவுக்குழாய் அதற்கு நேர் பின்னே செல்கிறது.

ஆபத்து

வெப்பம் உணவுக்குழாயைத் தாக்கினால், நாட்கள் கழித்து அதற்கும் மேலறைக்கும் இடையே துளை உண்டாகலாம். வடிகுழாய்ச் சிகிச்சைக்குப் பின் இது நேர்ந்ததாக 2004 இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. 2023 இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், 5,53,729 சிகிச்சைகளில் 138 பேருக்கு (0.025%) இது ஏற்பட்டிருந்தது. மிக அரிது எனினும், அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இருவர் இறந்தனர்.

கவனிக்கப்படும் பிற உறுப்புகள்

* வலது உதரவிதான நரம்பு: மேற்பெருஞ்சிரைக்கும் வலது மேல் நுரையீரல் சிரைக்கும் அருகே செல்கிறது. படத்தில் தெளிவாகத் தெரிவதரிது. மின் தூண்டலின்போது உதரவிதானம் துள்ளுவதைக் கொண்டு அறியப்படுகிறது.
* இதயத் தமனிகள்: பெருந்தமனியின் அடிப்பகுதியில் சுடுமுன் சாயம் செலுத்திப் படமெடுப்பர்.

முறைகள்

* சி.டி., எம்.ஆர்.ஐ.: முன்னரே எடுத்த படம், சிகிச்சையின்போது உருவாக்கப்படும் முப்பரிமாண மின் வரைபடத்துடன் பொருத்தப்படுகிறது.
* பேரியம் பசை: விழுங்கச் செய்து ஊடுகதிரில் பார்ப்பது. உட்குழல் மட்டுமே தெரியும். வெளி விளிம்பு தெரியாது.
* இதய உள் மீயொலி: இதயத்துக்குள் செலுத்தப்படும் மீயொலிக் கருவி, பின்சுவரையும் உணவுக்குழாயையும் அந்நேரத்திலேயே காட்டுகிறது.

உணவுக்குழாய் ஓரிடத்தில் நிற்பதில்லை. 2005 ஆம் ஆண்டு ஆய்வொன்றில், முழு மயக்கமின்றிச் சிகிச்சை பெற்றோருள் மூன்றில் இரு பங்கினருக்கு அது 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் பக்கவாட்டில் நகர்ந்தது. ஆகவே, முந்தைய நாள் படத்தை மட்டும் நம்புவது பாதுகாப்பன்று. உணவுக்குழாயினுள் வைக்கும் வெப்ப உணரியும் பயன்படுகிறது. ஆனால் அது காட்டும் அளவு உண்மை வெப்பத்துக்குப் பிந்தியே உயரும்.

மின்புலத் துடிப்பு முறை

வலிய, மிகக் குறுகிய மின் துடிப்புகளால் திசுவை அழிக்கும் இம்முறைக்கு 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இதயத் தசையை விட உணவுக்குழாய் இதனால் குறைவாகவே பாதிக்கப்படுகிறது. எனினும் அருகிலுள்ள இதயத் தமனிகள் சுருங்கக்கூடும். எனவே உடற்கூற்றை அறியும் தேவை நீங்கவில்லை.

சிகிச்சைக்குப் பின்

சென்னையின் மேற்கே, அம்பத்தூரை அடுத்த முகப்பேரிலுள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷன், இதய மின்னியக்கச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகளுள் ஒன்று. இத்தகைய மருத்துவமனையிலிருந்து ஆவடிக்கோ பூந்தமல்லிக்கோ வீடு திரும்பிய பின்னரே துளையின் அறிகுறிகள் தோன்றக்கூடும். காய்ச்சல், நெஞ்சு வலி, விழுங்குவதில் சிரமம், பக்கவாதம் ஆகியன பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் வரும். அப்போது அருகிலுள்ள மருத்துவரிடம் சென்றாலும், இதயச் சிகிச்சை பெற்றதைக் கூறுதல் இன்றியமையாதது. ஐயமிருப்பின் சாயம் செலுத்திய சி.டி. படமே எடுக்கப்படும். உள்நோக்கிச் சோதனை தவிர்க்கப்படும். அதில் செலுத்தும் காற்று துளை வழியே இதயத்துள் புகுந்து மூளைக்குச் செல்லக்கூடும்.

இவற்றையும் பார்க்க

* மேலறை நடுக்கம்
* உணவுக்குழாய்